ஆங்கில இறந்தகாலத்துக்கு ஒரு ஸ்பேனர் கதை போதும்

பாஸ்ட் டென்ஸ் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது அட்டவணையை. நான்கு கட்டம், மூன்று பத்தி, கோ – வென்ட் – கான். ரூமில் கட்டிலுக்குப் பக்கத்தில் அதை ஒட்டி வைத்திருக்கும் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். அட்டவணை அப்படியே இருக்கும். சூப்பர்வைசர் "வாட் ஹேப்பன்ட்?" என்று கேட்டால் வாயிலிருந்து வருவதென்னவோ "எஸ்டர்டே ஐ கோ" தான்.

நான் சிங்கப்பூரில் ஒரு கட்டுமான சைட்டில் சேஃப்டி கோ-ஆர்டினேட்டர். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். நாள் முழுக்க என் வேலை இறந்தகாலத்தில்தான் ஓடுகிறது. யார் எங்கே நின்றார், எது விழுந்தது, அதற்கு முன்னால் யார் எதைக் கழற்றி வைத்திருந்தார்? இவற்றை எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். துவாஸ் பக்கம் நாங்கள் தங்கியிருக்கும் டார்மில் (தொழிலாளர் விடுதியில்), சாப்பாடு முடிந்ததும் சில தம்பிகள் "அண்ணே, இங்கிலீஷ்" என்று வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு நான் அட்டவணை தருவதில்லை. "உனக்கு நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லு" என்பேன். முறை அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கதையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். பெரிய கதை வேண்டாம். ஊரைவிட்டு விமானம் ஏறிய கதையை எல்லோரும் ஆசையாக ஆரம்பிப்பார்கள், பாதியில் அழுகை வரும், ஆங்கிலம் வராது. சின்னதாக, ஏதோ ஒன்று தவறிப்போன கதை நல்லது. லாரியைத் தவறவிட்டது, கேட்டரிங் பொட்டலம் மாறிப்போனது, சிம் கார்டு தொலைந்தது. அது முடிந்துபோன கதையாக இருக்க வேண்டும். நீங்களே கண்ணால் பார்த்ததாகவும், தமிழில் ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்ததாகவும் இருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் "என்ன சொல்வது" என்று யோசிக்காமல் "எப்படிச் சொல்வது" என்பதில் மட்டும் மூளை வேலை செய்யும்.

அறந்தாங்கித் தம்பி ஒருவர் சொன்ன கதையை எடுத்துக்கொள்வோம். முதலில் தமிழில்தான் சொல்லச் சொன்னேன், போனில் வாய்ஸாகப் பதிவு செய்துகொண்டு:

"மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. நான் படியில இறங்கிக்கிட்டு இருந்தேன். மேலேருந்து ஒரு ஸ்பேனர் விழுந்துச்சு. என் ஹெல்மெட்ல பட்டுச்சு. நான் நின்னு மேல பாத்தேன். மேல வேலை பாத்தவரு அதைக் கயித்துல கட்டாம விட்டிருந்தாரு."

இப்போது வினைச்சொற்களின் வாலை மட்டும் பாருங்கள். இறங்கிக்கிட்டு இருந்தேன், விழுந்துச்சு, விட்டிருந்தாரு. மூன்று விதமான வால். ஆங்கிலக் கதைக்குத் தேவையான முக்கியமான மூன்று இறந்தகாலமும் அந்த ஆறு வரிக்குள் வந்துவிட்டன. யாரும் அவருக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததற்கு ஒரு வால், சட்டென்று நடந்ததற்கு ஒரு வால், அதற்கும் முன்னால் நடந்து முடிந்ததற்கு ஒரு வால். ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பெயர் பாஸ்ட் கன்டினியூஸ், சிம்பிள் பாஸ்ட், பாஸ்ட் பர்ஃபெக்ட். பெயரை மறந்தாலும் பரவாயில்லை.

ஆங்கிலத்துக்குப் போகும்போது முதலில் சட்டென்று நடந்தவற்றை மட்டும் சொல்லுங்கள். பின்னணி, முன்கதை எல்லாம் அப்புறம். "எ ஸ்பேனர் ஃபெல். இட் ஹிட் மை ஹெல்மெட். ஐ ஸ்டாப்ட். ஐ லுக்ட் அப்." நான்கு வாக்கியம். கதையின் எலும்பு இவ்வளவுதான். இதைத் தடங்கல் இல்லாமல் சொல்ல வரும்வரை வேறெதையும் சேர்க்க வேண்டாம்.

உருமாறும் வினைச்சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. உங்கள் கதைக்கு ஐந்தாறு தேவை, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபால் – ஃபெல், சீ – சா, டெல் – டோல்ட், டேக் – டுக், பிரிங் – பிராட். அடுத்த கதைக்கு அடுத்த ஐந்தாறு. சைட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: ஹிட், கட், ஹர்ட், புட், ஷட் எதுவுமே இறந்தகாலத்தில் மாறாது. இடித்ததும் வெட்டியதும் காயம் பட்டதும் நேற்று நடந்தாலும் அதே சொல்தான். விபத்து அறிக்கை எழுதுகிறவனுக்கு ஆங்கிலம் காட்டிய ஒரே இரக்கம் இது.

எலும்பு நின்றபின் பின்னணியைப் போடலாம். "இட் வாஸ் ரெயினிங். ஐ வாஸ் கோயிங் டவுன் தி ஸ்டெப்ஸ்." பிறகு இரண்டையும் சேர்த்து: "ஐ வாஸ் கோயிங் டவுன் தி ஸ்டெப்ஸ் வென் எ ஸ்பேனர் ஃபெல்." நீண்டுகொண்டிருந்த செயலுக்கு வாஸ், இங். அதன் நடுவில் குறுக்கே வந்ததற்குச் சிம்பிள் பாஸ்ட். இந்த இடத்தில் "ஐ வாஸ் வென்ட்" என்று சொல்பவர்கள் நிறைய. வாஸ் வந்துவிட்டால் பக்கத்தில் வென்ட் வராது, கோயிங்தான் வரும். நீங்கள் ஒருவராக இருந்தால் வாஸ், இன்னொருவரும் கூட இருந்தால் வீ வேர். கிளினிக்கில் இது உடனே உதவும். முதுகு பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போகிறீர்கள், "வென் டிட் இட் ஸ்டார்ட்?" என்று கேட்கிறார். "இட் ஸ்டார்ட்டட் ஆன் மண்டே. ஐ வாஸ் லிஃப்டிங் எ பைப்" என்றால் அவருக்கு வேண்டியது முழுக்கக் கிடைத்துவிடும்.

அடுத்தது நம்மவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம். இதை எந்த அட்டவணையும் சொல்லாது. தமிழில் நாம் இப்படிப் பேசுவோம்: "கீழே இறங்கி, லாரியில் ஏறி, ரூமுக்கு வந்து, குளித்துவிட்டுச் சாப்பிட்டேன்." காலத்தை முடிவு செய்வது கடைசிச் சொல் ஒன்றுதான். அதைச் "சாப்பிடுவேன்" என்று மாற்றிப் பாருங்கள், இறங்கியது, ஏறியது, குளித்தது எல்லாம் சேர்ந்து நாளைக்குப் போய்விடும். ஒரே இன்ஜின் கடைசியில் நின்று எல்லாப் பெட்டியையும் தள்ளுகிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி இன்ஜின் வேண்டும். "ஐ கேம் டவுன், காட் ஆன் தி லாரி, கேம் பேக் டு தி ரூம், டுக் எ பாத் அண்ட் ஏட்." ஐந்து செயல், ஐந்தும் இறந்தகாலத்தில். தமிழ்ப் பழக்கத்தில் நாம் "ஐ கம் டவுன், கெட் ஆன் தி லாரி, கம் பேக் அண்ட் ஏட்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம். கேட்கிறவருக்கு முதல் மூன்றும் தினமும் செய்கிற வேலையாகத் தெரியும்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றே ஒன்று. உங்கள் தமிழ்க் கதையில் இறங்கி, ஏறி, வந்து, பார்த்து என்று வருகிற ஒவ்வொரு எச்சத்தையும் உடைத்து முற்றாக்குங்கள். இறங்கினேன். ஏறினேன். வந்தேன். பார்த்தேன். தமிழாகக் கேட்கச் சிறுபிள்ளை பேசுவது போல இருக்கும், இருக்கட்டும். அப்படி உடைத்த கதையை ஆங்கிலத்தில் சொன்னால் ஒரு வினைச்சொல்லும் காலம் தப்பாது. அறந்தாங்கித் தம்பியின் "நின்னு மேல பாத்தேன்" இப்படித்தான் "ஐ ஸ்டாப்ட். ஐ லுக்ட் அப்" என்று இரண்டானது.

சரி, இப்போது பாஸ்ட் பர்ஃபெக்டுக்கு வேண்டிய ஹேட். கயிற்றில் கட்டாமல் விட்டிருந்தது ஸ்பேனர் விழுவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் தம்பி அதைக் கடைசியில் சொன்னார். நடந்த வரிசையும் சொல்கிற வரிசையும் மாறும்போது ஹேட் தேவைப்படுகிறது: "தி மேன் அபவ் ஹேட் நாட் டைட் இட்." வரிசையாகவே சொன்னால் ஹேட் இல்லாமலும் ஓடும்: "ஹீ டிட் நாட் டை தி ஸ்பேனர். இட் ஃபெல். இட் ஹிட் மை ஹெல்மெட்."

என் தொழிலில் இந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற எடை கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "வென் ஐ கேம், ஹீ ஸ்விட்ச்ட் ஆஃப் தி மெஷின்." நான் வந்தேன், பிறகு நிறுத்தினார். "வென் ஐ கேம், ஹீ ஹேட் ஸ்விட்ச்ட் ஆஃப் தி மெஷின்." நான் வரும்போதே நிறுத்தியிருந்தார். முதலாவதில் நான் போய் நின்றபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவதில் ஓடவில்லை. ஒருவருக்குக் கை நசுங்கிய பிறகு விசாரணையில் முதலில் கேட்கப்படும் கேள்வியே அதுதான். தமிழில் "நிறுத்தினார்", "நிறுத்தியிருந்தார்" என்று நாம் சரியாகச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் ஹேட் நழுவிப்போனால் சாட்சியம் மாறிவிடும். மனிதவள அமைச்சு அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால், ஆங்கிலத்தில் தடுமாறுகிற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அது வேறு விஷயம்.

ஆனால் ஹேட் கிடைத்த சந்தோஷத்தில் எல்லா இடத்திலும் அதைத் தெளிப்பவர்கள் உண்டு. அதற்கும் காரணம் தமிழ்தான். "போன ஞாயிறு தேக்காவுக்குப் போயிருந்தேன்" என்று, லிட்டில் இந்தியா பக்கம் போய்வந்ததைச் சாதாரணமாகச் சொல்கிறோம். அதை அப்படியே "லாஸ்ட் சண்டே ஐ ஹேட் கான் டு தேக்கா" என்றால், எதற்கு முன்னால் போனார், அடுத்து ஏதோ சொல்லப்போகிறார் என்று கேட்பவர் காத்திருப்பார். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அங்கே வேண்டியது வெறும் "ஐ வென்ட் டு தேக்கா." தமிழில் "போயிருந்தேன்" வந்ததும் ஒரு கணம் நின்று, இன்னொரு பழைய சம்பவம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹேட். இல்லையென்றால் வென்ட்.

இதற்கு நல்ல உதாரணம் செய்தியிலேயே இருக்கிறது. 2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை, தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பெரிய பள்ளம் விழுந்து ஒரு கார் உள்ளே போனது. பக்கத்து சைட்டில் இருந்த தொழிலாளர்கள் கயிறு போட்டு, காரை ஓட்டிவந்த பெண்ணை மேலே இழுத்தார்கள். அதை முன்நின்று செய்த ஃபோர்மேன் நம் ஆள். பின்னால் அதிபர் தர்மன் தன் மாளிகையான இஸ்தானாவில் அவர்களைச் சந்தித்ததும் செய்தியாக வந்தது. டார்மில் எல்லோரும் வீடியோ பார்த்தவர்கள்தானே, சொல்லச் சொன்னேன்.

"தி ரோட் கொலாப்ஸ்ட். எ கார் ஃபெல் இன். தி வொர்க்கர்ஸ் த்ரூ எ ரோப். தே புல்ட் ஹர் அவுட்." இது வரிசையாக நடந்தது, ஹேட்டுக்கு வேலையே இல்லை. இப்போது அதையே தீயணைப்புப் படை வந்ததிலிருந்து தொடங்குங்கள்: "வென் தி எஸ்.சி.டி.எஃப் அரைவ்ட், தி வொர்க்கர்ஸ் ஹேட் ஆல்ரெடி புல்ட் ஹர் அவுட்." படை வருவதற்கு முன்பே காரியம் முடிந்திருந்தது. அந்தத் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பெருமை முழுக்க அந்த ஹேட்டுக்குள் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் படை வந்த பிறகு இழுத்தது போல ஆகிவிடும்.

இப்படிப்பட்ட செய்தியை இங்குள்ள தமிழ் நாளிதழான தமிழ் முரசில் முதலில் படித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கிலத் தாளில் படிப்பது நல்ல பழக்கம். என்ன நடந்தது என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் கண் வினைச்சொல்லின் மேல் மட்டும் போகும். அடிக்கோடு போட்டுக்கொண்டே போங்கள்.

கேள்விகளுக்கு வருவோம். கதை சொன்னால் யாராவது குறுக்கே கேட்பார்கள், கேட்க வேண்டும். "டிட் யூ சீ ஹிம்?" "நோ, ஐ டிடின்ட் சீ ஹிம்." டிட் வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது தூக்கிக்கொள்ளும், பின்னால் வருவது வெறும் சீ. "டிடின்ட் சா", "டிடின்ட் வென்ட்" இரண்டும் இரட்டை வேலை. இதற்குப் பயிற்சி எளிது: நீங்கள் சொன்ன கதைமேல் நண்பரை நான்கைந்து கேள்வி கேட்கச் சொல்லி, எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் சொல்லுங்கள். "டிட் இட் ஹர்ட்?" "நோ, இட் டிடின்ட் ஹர்ட்." "டிட் யூ ஷவுட்?" "நோ, ஐ டிடின்ட் ஷவுட்." அறந்தாங்கித் தம்பி அதற்கு மட்டும் "எஸ், ஐ ஷவுட்டட்" என்றார், உண்மை அதுவாம்.

உச்சரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வொர்க்கெட், ஸ்லிப்பெட் என்று இழுக்க வேண்டாம். வொர்க்ட், ஸ்லிப்ட், கால்ட், ஓபன்ட். சொல்லின் கடைசி ஒலியே ட் ஆக இருந்தால்தான் இன்னோர் அசை கூடும்: ரிப்போர்ட்டட், லிஃப்டட், நீடட். அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. காதில் விழுகிற ஆங்கிலத்தில் இறந்தகாலமே பாதி நேரம் இருக்காது. "ஹீ கோ ஹோம் ஆல்ரெடி." "ஐ ஈட் ஆல்ரெடி." சீனத்திலும் மலாயிலும் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது, முடிந்துவிட்டது என்று காட்ட ஒரு சின்னச் சொல்லைச் சேர்ப்பார்கள். அந்தப் பழக்கம் இங்குள்ள பேச்சு ஆங்கிலமான சிங்கிலீஷில் ஆல்ரெடியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. "ஹீ நெவர் கம்" என்றால் அவர் எப்போதுமே வருவதில்லை என்று அர்த்தமில்லை, இன்றைக்கு வரவில்லை என்றுதான். "லாஸ்ட் டைம் ஐ ஸ்டே யீஷுன்" என்றால் கடந்த முறை அல்ல, முன்பு யீஷுனில் இருந்தேன் என்பது. இதையெல்லாம் கேவலமாக நினைக்கிறவன் நானில்லை. காப்பிக் கடையில் ஆன்ட்டி "ஈட் ஆல்ரெடி?" என்று கேட்டால் "ஈட் ஆல்ரெடி" என்றுதான் பதில் சொல்வேன், "எஸ், ஐ ஹேவ் ஈட்டன்" என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் அறிக்கையில் "ஹீ நெவர் வேர் ஹெல்மெட்" என்று எழுதினால், ஒருநாள் போடாதவர் வாழ்நாள் முழுக்கப் போடாதவராகிவிடுவார். அங்கே "ஹீ வாஸ் நாட் வேரிங் எ ஹெல்மெட்" தான் சரி.

அந்த "லாஸ்ட் டைம்" வருகிற இடங்களில் நல்ல ஆங்கிலத்தில் யூஸ்டு டு வரும். முன்பு வழக்கமாக இருந்து, இப்போது இல்லாதவற்றுக்கு. "ட்ரெயின்ஸ் யூஸ்டு டு கம் டு தஞ்சோங் பகார்." 2011 ஜூன் மாதக் கடைசியோடு அந்த ரயில் நிலையம் மூடப்பட்டது, அதனால் வாக்கியம் சரி. "ஐ யூஸ்டு டு வேக் அப் அட் ஃபைவ்" என்று தினமும் ஐந்து மணிக்கு லாரி ஏற எழுகிறவர் சொன்னால் தப்பு, இப்போது எழுவதில்லை என்றாகிவிடும். அவர் சொல்ல வேண்டியது "ஐ வேக் அப் அட் ஃபைவ்." யூஸ்டு டு பழகச் சிறந்த கதைக்காரர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள். எங்கள் சைட் வாசலில் செக்யூரிட்டியாக இருக்கும் அங்கிளிடம் பழைய கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் அரை மணி நேரத்துக்கு யூஸ்டு டு கொட்டும். தமிழில் கேட்டுவிடாதீர்கள், தமிழிலேயே சொல்லி முடித்துவிடுவார்.

ஹேவ் பற்றி ஒரே எச்சரிக்கை. நேற்று, போன வாரம், இரண்டாயிரத்து இத்தனையில் என்று நேரம் சொல்லிவிட்டால் ஹேவ் கூடாது. "ஐ ஹேவ் சென்ட் மணி எஸ்டர்டே" அல்ல, "ஐ சென்ட் மணி எஸ்டர்டே." நேரம் சொல்லாமல், அனுப்பியாயிற்று என்று மட்டும் சொல்லும்போது "ஐ ஹேவ் சென்ட் தி மணி." மற்ற நுணுக்கங்கள் கதை சொல்லப் பழகிய பிறகு வந்தால் போதும்.

கடைசியாக, யாரிடம் சொல்வது? கண்ணாடி முன்னால் நின்று பேசுவதில் பயனில்லை, கண்ணாடி கேள்வி கேட்காது. தமிழ் நண்பரிடம் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு பேரும் தமிழுக்குப் போய்விடுவீர்கள். ரூமில் பங்களாதேஷ்காரரோ மியன்மார்காரரோ இருந்தால் அவரைப் பிடியுங்கள். அவருக்கும் ஆங்கிலம் உங்கள் அளவுதான், கூச்சம் இருக்காது. பங்களாதேஷ்காரர்களில் சிலர் சைட்டில் பழகியே தமிழ் கற்றிருப்பார்கள், அப்படிப்பட்டவரைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே கதையை முதல்நாள் எலும்பாகச் சொல்லுங்கள், மறுநாள் மழையையும் படியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்கு அடுத்த நாள் ஸ்பேனர் ஏன் விழுந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். அவர் கேட்டு முடித்ததும் அவருடைய கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் அவர் நிறுத்தும்போதெல்லாம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "தென் வாட் ஹேப்பன்ட்?"